டேங்க் நிறைப்பது டெஸ்ட் இல்லை சார்

இந்த மாதத்தில் இது மூன்றாவது வீடு. பாத்ரூமுக்குப் பின்பக்கப் படுக்கையறைச் சுவரில் ஓதம், பெயிண்ட் பொரிந்து உதிர்கிறது. வீட்டுக்காரர் முதலில் பெயிண்டரைத் திட்டியிருக்கிறார். அப்புறம் மொட்டை மாடிக்கு வாட்டர் புரூஃபிங். அதற்கும் ஓதம் அடங்காத பிறகுதான் பிளம்பரான என்னைக் கூப்பிட்டார். டைல்ஸை உடைத்துப் பார்த்தால், முக்கால் இஞ்ச் சிபிவிசி பிளாஸ்டிக் குழாயின் எல்போ (வளைவு ஜாயிண்ட்) ஒன்றைச் சொல்யூஷன் (ஒட்டும் பசை) தடவாமல் வெறுமனே சொருகி வைத்திருக்கிறார்கள். இத்தனை நாள் அதைப் பிடித்துக்கொண்டிருந்தது சிமெண்ட் பூச்சுதான்.

"பூசறதுக்கு முன்னாடி குழாய் கசியுதான்னு டெஸ்ட் பண்ணீங்களா சார்?"

"பண்ணோமே. டேங்க் நிறைச்சு ரெண்டு நாள் விட்டோம். ரெண்டாயிரம் லிட்டர் டேங்க், அந்த வெயிட்டையே தாங்குச்சே!"

இந்த 'வெயிட்' கதையைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. குழாயில் இருக்கும் அழுத்தத்துக்கும் டேங்க் எத்தனை லிட்டர் என்பதற்கும் சம்பந்தமே இல்லை. உயரம்தான் கணக்கு. தண்ணீர் மட்டத்திலிருந்து குழாய்வரை 10 மீட்டர் இருந்தால் சுமார் 1 கிலோ பிரஷர் (சதுர சென்டிமீட்டருக்கு). 500 லிட்டர் டேங்க் வைத்தாலும் அதேதான், 5000 வைத்தாலும் அதேதான். ஒரு மாடி வீட்டில் தரைத்தளத்துக்கு அரை கிலோ, முக்கால் கிலோ வரும். மாடி பாத்ரூமுக்கு அதுவும் கிடையாது. அந்த அழுத்தத்தில் சொல்யூஷன் இல்லாத எல்போகூட நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருக்கும். இவர் வீட்டில் ஷவர் வேகமாக வரவில்லை என்று பிரஷர் பம்ப் போட்டிருக்கிறார்கள். 2 கிலோ ஏறியதும் குட்டு வெளிப்பட்டுவிட்டது.

டெஸ்ட் என்றால் கை பம்பும், அழுத்தத்தை முள்ளால் காட்டும் கேஜும். கடைசி ஜாயிண்ட் ஒட்டி ஒரு நாள் காயட்டும், அவசரப்படாதீர்கள். குழாயின் எல்லா வாய்க்கும் டம்மி பிளக், அதாவது தற்காலிக மூடி. கீசர், பிரஷர் பம்ப் எதுவும் லைனில் இருக்கக் கூடாது, டேங்க் வால்வும் மூடியிருக்க வேண்டும். மேலே இருக்கும் ஒரு பிளக்கைத் தளர்த்திக் காற்றை முழுக்க வெளியேற்றிவிட்டுத்தான் பம்ப் அடிக்க வேண்டும். நான் 7 கிலோ ஏற்றி ஒரு மணி நேரம் விடுவேன். முதலில் முள் கொஞ்சம் இறங்கினால் பயப்படாதீர்கள், குழாய் லேசாக விரிந்து கொடுக்கும். மறுபடி ஏற்றுங்கள். திரும்பத் திரும்ப இறங்கினால் எங்கோ கசிவு. பித்தளைத் திரெட் இருக்கும் இடங்களை முதலில் தடவிப் பாருங்கள். டெஃப்லான் டேப்பை மலைபோல் சுற்றி ஸ்பேனரால் முறுக்கி உடைக்கும் ஆட்கள் நம் தொழிலில் நிறைய.

தண்ணீருக்குப் பதில் கம்ப்ரசர் வைத்துக் காற்றடித்துப் பார்ப்பவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். பிளாஸ்டிக் குழாய் வெடித்தால் சில்லுச் சில்லாகப் பறக்கும், கண் போய்விடும்.

முடிந்தால் பூச்சும் டைல்ஸும் முடியும்வரை 2 கிலோ ஏற்றி வைத்துக் கேஜைக் கழற்றாமல் விடுங்கள். யாராவது ஆணியால் குழாயைக் குத்தினால் அன்றைக்கே முள் சொல்லிவிடும். பூசுவதற்கு முன் செல்போனில் நாலு போட்டோ எடுங்கள், பக்கத்தில் அளவு டேப்பை நீட்டி வைத்து. பின்னால் கண்ணாடி மாட்ட டிரில் போடும்போது என்னைத் தேடமாட்டீர்கள்.

கட்டி முடித்த வீடா? இரவு பிரஷர் பம்பை ஆஃப் செய்து, ஃப்ளஷ் டேங்குக்குத் தண்ணீர் போகும் ஆங்கிள் வால்வையும் எல்லாக் குழாய்களையும் மூடுங்கள். டேங்கில் மட்டத்தைக் குறித்துவிட்டுப் படுங்கள், மோட்டாரும் போட வேண்டாம். காலையில் மட்டம் இறங்கியிருந்தால், பெயிண்டருக்குப் போன் செய்யாதீர்கள்.