ஓரினச்சேர்க்கை: எந்த இனம், என்ன சேர்க்கை?

போன கிழமை யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குப் பக்கத்துச் சலூனில் காத்திருந்தேன். டிவியில் ஒரு நடிகரின் பாட்டு. நாற்பது தாண்டியும் கலியாணம் கட்டாத ஆள். பக்கத்தில் இருந்த பெடியன் அவருடைய தீவிர ரசிகனாம். செத்த வீட்டுச் செய்தி சொல்வது போலச் சொன்னான்: "ஆள் ஓரினச்சேர்க்கையாளராம் அண்ணை."

"ஆர் சொன்னது?"

"எல்லாரும் சொல்லுகினம்."

"சேர்க்கையை ஆர் கண்டது?"

பெடியன் முழித்தான். அவனில் பிழை இல்லை. செய்தி மொழிபெயர்ப்பவர்கள் கொடுத்த சொல்லைத்தான் அவன் திருப்பிச் சொன்னான்.

மூலச்சொல் 'ஹோமோசெக்சுவல்'. கேர்ட்பெனி என்பவர் ஜெர்மன் மொழியில் ஆக்கி, 1869இல் அச்சேறியது. முன்பாதி கிரேக்கம், 'ஒத்த' என்று பொருள். பின்பாதி லத்தீன், 'பால்'. அவ்வளவுதான். இதில் இனம் எங்கிருந்து வந்தது?

தமிழ்நாட்டில் எப்படியோ, யாழ்ப்பாணத்தில் 'இனம்' என்றால் முதலில் நினைவுக்கு வருவது இனப்பிரச்சினை, இனக்கலவரம். இலக்கணம் படித்தவருக்கு இனவெழுத்தும் வரலாம். ஆண்பால், பெண்பால் யாருக்கும் வராது. சொல்லை உள்ளபடி எடுத்தால், எங்கள் ஊரில் தரகர் பேசி முடிக்கிற கலியாணமெல்லாம் ஓரினச்சேர்க்கைதான்.

சரி, இனத்தை விடுவோம். எனக்குப் பெரிய கோபம் 'சேர்க்கை'யில். பிள்ளை கெட்டால் "சேர்க்கை சரியில்லை" என்கிறோம், அந்த வாடை ஏற்கெனவே சொல்லில் இருக்கிறது. அதைவிட, சேர்க்கை என்பது ஒரு செயல். ஒருவருக்கு யார்மேல் மனம் போகிறது என்பது செயலல்ல. தனிக்கட்டையாகவே வாழ்ந்து முடிக்கிறவருக்கும் அது உண்டு. இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் தண்டிப்பதும் செயலைத்தான். ஆகவே ஒருவரைச் 'சேர்க்கையாளர்' என்னும்போது, தெரிந்தோ தெரியாமலோ அவர்மேல் ஒரு குற்றத்தையும் சேர்த்துச் சுமத்துகிறோம். சலூன் பெடியன் தன் அபிமான நடிகருக்குச் செய்தது இதுதான்.

தன்பாலீர்ப்பு என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. பால், தொல்காப்பியம் தொட்டு இருக்கிற சொல். (களவியலில் அதே சொல் ஊழையும் குறிக்கும், காதலரைச் சந்திக்க வைக்கும் ஊழ். நல்ல பொருத்தம்.) ஈர்ப்பு, புவியீர்ப்புப் படித்த எந்தப் பிள்ளைக்கும் விளங்கும். சிங்களத்திலும் 'சமரிசி' என்கிறார்கள், ரிசி என்றால் விருப்பம். இந்த ஈர்ப்பு உள்ளவர்கள் தங்களுக்குள் கூடிக் கதைக்கிற இடங்களில் சேர்க்கை என்ற சொல்லைத் தங்களுக்குச் சூட்டிக்கொள்ள அவர்களில் யாருக்குத்தான் மனம் வரும்?

ஒரு தமிழாசிரியர் என்னோடு சண்டைக்கு வந்தார். 'தன்பால் ஈர்ப்பு' என்றால் தன்னிடம் இழுத்துக்கொள்வது, பால் இங்கே ஏழாம் வேற்றுமை உருபு, ஆகவே அது ரசிகரை இழுக்கிற நடிகருக்குத்தான் பொருந்தும் என்றார். கெட்டிக்காரத்தனமான மறுப்பு, இரண்டு நாள் யோசித்தேன். ஆனால் சேர்த்து ஒரே சொல்லாக எழுதினால் அந்தக் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். இன்னும் சந்தேகமென்றால் தற்பாலீர்ப்பு என்று எழுதலாம், நன்னூல் இரண்டுக்கும் இடம் விடுகிறது.

நங்கை, நம்பி, ஈரர், திருநர் என்றொரு வரிசையும் உண்டு: பெண்ணில் ஈர்ப்புள்ள பெண், ஆணில் ஈர்ப்புள்ள ஆண், இருபாலிலும் ஈர்ப்புள்ளவர், பால் மாறியவர். கேட்க அழகு. ஆனால் நம்பி என்ற பெயரோடு எத்தனை பேர் இருக்கிறார்கள்! தலைப்பில் 'நம்பி' என்று போட்டால் யாரை நம்பி என்றுதான் வாசகர் தேடுவார். 2022இல் தமிழ்நாடு அரசு, நீதிமன்றம் சொன்னதன்பேரில், இவர்களைக் குறிக்க ஒரு சொற்பட்டியலையே அரசிதழில் வெளியிட்டது. அதற்குப் பிறகும் செய்திகளில் பழைய சேர்க்கைதான் ஓடுகிறது.

கூடவே ஒட்டி வரும் வினைச்சொல் இன்னும் மோசம். ஆஸ்திரேலிய நீச்சல்காரர் இயன் தோர்ப்பைப் பதின்ம வயதிலிருந்தே தன்பாலீர்ப்பு உள்ளவரா என்று கேட்டுத் துளைத்தார்கள். 2012இல் தன் சுயசரிதையிலும் மறுத்தவர், 2014இல் ஒரு தொலைக்காட்சி நேர்காணலில் தானாகச் சொன்னார். இப்படி ஒருவர் சொல்கிறபோதெல்லாம் எங்கள் செய்தியில் வருவது "ஒப்புக்கொண்டார்". கோழி களவெடுத்தவன் பொலிசில் ஒப்புக்கொள்வான். 'சொன்னார்' என்று எழுத என்ன கை வலிக்கிறதா?