மூன்றாவது கட்டத்தில் திரும்பும் கதை

ஜப்பானிய நான்கு கட்டப் படக்கதைக்கு யொன்கோமா என்று பெயர். யொன் என்றால் நான்கு, கோமா என்றால் கட்டம். ஒரே அளவுள்ள நான்கு கட்டங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். ஜப்பானியச் செய்தித்தாள்களில் எழுத்தும் மேலிருந்து கீழாகத்தான் ஓடும் என்பதால் அந்த ஊர்க் கண்ணுக்கு இது பழகிய பாதை. ஹாசெகாவா மாச்சிகோ 1946-ல் ஃபுகுவோகா நாளிதழ் ஒன்றில் தொடங்கிய சஸாயே சான் என்ற படக்கதைத் தொடர், பிறகு அசாஹி நாளிதழுக்குப் போய் 1974 வரை இந்த நான்கு கட்டங்களுக்குள்ளேயே ஒரு குடும்பத்தை நடத்திக் காட்டியது.

நான்கே கட்டத்தில் எப்படிச் சிரிப்பு வருகிறது? கி, ஷோ, தென், கெட்சு என்று நான்கு படி சொல்வார்கள்: தொடக்கம், தொடர்ச்சி, திருப்பம், முடிப்பு. சீனத்து நாலடிக் கவிதையிலிருந்து வந்த முறை. இதைக் கற்றுத்தர ஜப்பானில் ஒரு பழைய பாட்டைச் சொல்வதுண்டு. நூல் கடைக்காரருக்கு இரண்டு பெண்கள் என்கிறது முதல் அடி, இரண்டாவது அவர்கள் வயதைச் சொல்கிறது. மூன்றாவது அடி சம்பந்தமே இல்லாமல் பிரபுக்கள் வில்லம்பால் கொல்வார்கள் என்று எங்கேயோ போய்விடும். அட, இது எதற்கு என்று நாம் விழிக்கும்போது நான்காவது வருகிறது: நூல் கடைப் பெண்கள் கண்ணாலேயே கொல்வார்கள்!

இங்கே சண்டையும் இல்லை, வில்லனும் இல்லை. இரண்டு தனித்தனி விஷயங்களைப் பக்கத்தில் வைத்ததும் முடிச்சுப் போடுவது நம் மூளைதான்.

சும்மா ஒன்று வரைந்து பார்ப்போம். முதல் கட்டத்தில் மழை, ஜன்னலோரம் ஒரு சிறுமி. இரண்டாவதில் அப்பாவுக்காக இன்னொரு குடையையும் எடுத்துக்கொண்டு ரயில் நிலையத்துக்குக் கிளம்புகிறாள். மூன்றாவதில் அவளே இல்லை, அப்பா ஒரு கடையில் குடைக்குக் காசு கொடுத்துக்கொண்டிருக்கிறார். நான்காவதில் இருவரும் ஒரே குடைக்குள் நடக்கிறார்கள், மற்ற இரண்டு குடையும் மடித்தபடி அப்பா கையில். வசனமே தேவையில்லை, ஏன் ஒரே குடை என்று நாமே புரிந்துகொள்கிறோம்.

இதில் இரண்டாவது கட்டத்தைத்தான் பலரும் கவனிப்பதில்லை. அது அடக்கமாக, முதல் கட்டத்தை ஒட்டியே போனால்தான் அடுத்து என்ன என்று நாம் ஒன்றை எதிர்பார்ப்போம், அந்த எதிர்பார்ப்பு இருந்தால்தானே திருப்பம் திருப்பமாக இருக்கும்? சிலர் மூன்றாவது கட்டத்தில் யாரையும் பேசவிடாமல் வெறுமனே முழிக்க வைப்பார்கள். எல்லாக் கட்டமும் ஒரே அளவு என்பதால் அந்த மௌனத்துக்கும் ஒரு வசனத்துக்குரிய முழு நேரம் கிடைத்துவிடுகிறது, சிரிப்பு நான்காவதில் வெடிக்கிறது.