‘எனக்கு டெங்கு ஏற்கெனவே வந்துவிட்டது’: கரீபியனுக்குத் தேனிலவு செல்லும் தம்பதியருக்கு

ரொறன்ரோவில் தமிழ்க் குடும்பங்களைப் பார்க்கும் வைத்தியர்களுக்குப் புரட்டாதி, ஐப்பசி மாதங்களில் ஒரு வகை நோயாளி வழமையாகவே வருவார். அண்மையில் திருமணமானவராக இருப்பார். டொமினிக்கன் குடியரசின் புன்டா கானாவிலோ, கியூபாவின் வரடேரோவிலோ, மெக்சிக்கோவின் கரீபியன் கரையிலுள்ள கன்கூனிலோ ஒரு வாரம் தேனிலவைக் கழித்துவிட்டுத் திரும்பியிருப்பார். திரும்பிய சில நாள்களில் கடும் காய்ச்சலும், கண்களுக்குப் பின்னால் வலியும், எலும்பு முறிவது போன்ற உடல் நோவும் தொடங்கியிருக்கும். நான் கேள்விகளைக் கேட்டு முடிப்பதற்கு முன்பே, கூட வந்த தாயார், “டெங்குவா இராது டொக்டர், இவனுக்குச் சின்ன வயசில ஊரிலயே வந்து போட்டுது” என்பார். இந்த ஒரு வசனத்தைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. இம்முறை சலிப்போடு முடியவில்லை. அப்படிச் சொல்லப்பட்ட இளைஞர் ஒருவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்துக் காப்பாற்ற வேண்டி வந்ததால் இதை எழுதுகிறேன். அவரை எவரும் அடையாளம் காணாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முதலில் காலத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். நம்மவர் திருமணங்கள் ஆடியைத் தவிர்த்து ஆவணியில் குவிகின்றன. கலியாண மண்டபச் செலவு, நகை, கூறை என்று கையில் இருந்ததெல்லாம் கரைந்த நிலையில், மணமக்கள் மலிவான பயணப் பொதியைத் தேடுவது இயல்பு. செப்டெம்பரில் கரீபியன் விடுதிகள் மலிவாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஜூன் முதல் நவம்பர் வரை அங்கே சூறாவளிப் பருவம். செப்டெம்பர் அதன் உச்சம். மழை பெய்து, நீர் தேங்கி, நுளம்பு பெருகும் காலமும் அதுவே. சூறாவளி வந்தால் பணம் திரும்பக் கிடைக்குமா என்று எல்லோரும் விசாரிக்கிறார்கள். நுளம்பைப் பற்றி விசாரித்த மணமகனை நான் இன்னும் சந்திக்கவில்லை.

கேட்டால், “ஐந்து நட்சத்திர விடுதி, ஒவ்வொரு நாளும் புகை அடிக்கிறார்கள்” என்ற பதில் வரும். ‘ஓல் இன்குளூசிவ்’ விடுதியில் கையில் பட்டியைக் கட்டியவுடன் உணவு, மது, கடற்கரை, இரவுக் கேளிக்கை அனைத்தும் அதற்குள் அடங்கிவிடுவதால், பாதுகாப்பும் அதற்குள் அடங்கிவிட்டது என்று மனம் நம்பிவிடுகிறது. டெங்குவைப் பரப்பும் ஈடிஸ் நுளம்புக்குச் சாக்கடை தேவையில்லை. பூச்சாடியின் அடித்தட்டு, இலையிடுக்கில் நீரைத் தேக்கி வைக்கும் அலங்காரச் செடிகள், பக்கத்துக் காணியில் எழும்பிக்கொண்டிருக்கும் அடுத்த விடுதியின் கட்டுமானக் குழி ஆகியவையே அதற்குப் போதும். அது பகலில் கடிக்கும். காலையிலும் மாலைப் பொழுது சாயும் வேளையிலும் கூடுதலாகக் கடிக்கும். திறந்த கூடத்தில் காலைச் சாப்பாட்டுக்கு அமரும்போதும், சூரியன் மறைவதைப் பார்த்துப் படம் எடுக்கும்போதும், மேசைக்குக் கீழே மூடப்படாத கணுக்கால்களை அது தேடி வரும். 2024இல் அமெரிக்கக் கண்டங்களில் 1 கோடியே 25 இலட்சத்துக்கு மேற்பட்ட டெங்கு நோயாளிகள் பதிவாயினர்; அதுவரை எந்த ஆண்டிலும் அவ்வளவு பதிவானதில்லை. அவ்வாண்டு மார்ச்சில் புவேர்ட்டோ ரிக்கோ பொதுச் சுகாதார அவசரநிலையையே அறிவித்தது.

இனி அந்த வசனத்துக்கு வருகிறேன். டெங்குவில் நான்கு வகைகள் உள்ளன. ஒரு வகை தொற்றிக் குணமானவருக்கு அந்த வகை பொதுவாக மறுபடி வராது. மற்ற மூன்று வகைகளுக்கும் எதிராகக் கிடைக்கும் பாதுகாப்புச் சில மாதங்களுக்குள் தேய்ந்துவிடும். அத்தோடு முடிந்தால் முதல் முறை வந்ததைப் போல இன்னொரு முறை வரும் என்று விட்டுவிடலாம். ஆனால் வேறு வகையால் இரண்டாம் முறை தொற்றும்போது நோய் கடுமையாகும் வாய்ப்பு முதல் முறையைவிடக் கூடுகிறது. முதல் தொற்றின்போது உடல் உருவாக்கிய எதிர்ப்புப் புரதங்கள் புதிய வகையைப் பிடித்துக்கொள்கின்றன. ஆனால் அதைச் செயலிழக்கச் செய்ய அவற்றால் முடிவதில்லை. வாசலில் நிற்கும் காவலாளி, வந்த கள்ளனைத் தெரிந்த முகமென்று எண்ணிக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போவதைப் போல, அவை கிருமியைக் குருதிக் கலங்களுக்குள் கொண்டுசேர்க்கின்றன. ஊரில் வந்த டெங்கு உங்கள் மகனுக்குக் கவசமாகவில்லை, அம்மா. அதனால்தான் இன்று அவரைப் பற்றி நான் கூடுதலாகப் பயப்படுகிறேன்.

இதை வெறும் ஊகமென்று நினைப்பவர்கள் தேனிலவுக்குப் போகும் கியூபாவின் வரலாற்றையே பார்க்கலாம். 1977இல் அங்கே டெங்குவின் முதலாம் வகை பரவி, மக்களில் பெரும் பகுதியினரைத் தொற்றிப் பெரிய சேதமின்றி ஓய்ந்தது. 1981இல் இரண்டாம் வகை வந்தது. 3,44,000க்கு மேற்பட்டோர் நோயுற்றனர். அவர்களில் 10,000க்கு மேற்பட்டோருக்கு நோய் கடுமையானது. 158 பேர் இறந்தனர். இறந்தவர்களில் 101 பேர் குழந்தைகள். முதலாம் வகையின் பரவல் ஓய்ந்த பின்னர் பிறந்த ஓரிரு வயதுக் குழந்தைகள், அதாவது முன்பு டெங்குவையே காணாதவர்கள், கடுமையான நோயிலிருந்து பெரும்பாலும் தப்பினர். “அது எப்பவோ சின்ன வயசில” என்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1997இல் சான்டியாகோ டி கியூபா நகரில் இரண்டாம் வகை மறுபடி தலைகாட்டியபோது, கடுமையாக நோயுற்றவர்கள் ஏறத்தாழ அனைவரும் இரண்டாம் முறை டெங்கு தொற்றிய வயது வந்தவர்கள். அவர்களது முதல் தொற்று ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முந்தியது. இருபது ஆண்டுகள் கடந்தும் அந்த ஆபத்து மங்கவில்லை.

“எனக்கு ஒருபோதும் வந்ததில்லை” என்பவர்களும் உறுதியாகச் சொல்ல முடியாது. டெங்கு தொற்றும் நால்வரில் ஒருவருக்குத்தான் நோய் வெளியே தெரிகிறது. யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ சென்னையிலோ வளர்ந்த ஒருவர் தன்னை அறியாமலே முதல் தொற்றைக் கடந்து வந்திருக்கலாம். 2017இல் மட்டும் இலங்கையில் 1,86,000க்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளிகளாகப் பதிவாயினர். பதிவாகாதவர்கள் இதில் சேரவில்லை. கனடாவிலேயே பிறந்த மணமகளும் கூறையும் நகையும் வாங்கச் சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போய்வந்திருப்பார். இரண்டாம் தொற்று வந்த அனைவருக்கும் உயிராபத்து வருமென்று நான் சொல்லவில்லை, பெரும்பாலோர் தேறிவிடுவர். தேறாமற்போகக் கூடியவர் யாரென்று முதல் நாளில் எவராலும் கணிக்க முடிவதில்லை என்பதால்தான் கண்காணிக்க வேண்டியிருக்கிறது.

நான் குறிப்பிட்ட இளைஞர் புன்டா கானாவிலிருந்து திரும்பி வேலைக்கும் போகத் தொடங்கிவிட்டார். நுளம்பு கடித்ததற்கும் காய்ச்சல் தொடங்குவதற்கும் இடையில் பொதுவாக நான்கு முதல் பத்து நாள்கள் வரை செல்லும் என்பதால், ஒரு வாரப் பயணம் போனவருக்கு நோய் பெரும்பாலும் வீடு திரும்பிய பின்னரே வெளிப்படும். பயணக் களைப்பு, குளிரூட்டி, அளவில்லாமல் கிடைத்த மது என்று அவர் ஒவ்வொன்றாகக் காரணம் கண்டுபிடித்தார். உடல் நோவுக்கு மூன்று நாள்கள் தொடர்ந்து அட்வில் எடுத்தார். குருதியை உறையச் செய்யும் சிறுதட்டுகள் குறைந்துவரும் நோயில், அவற்றின் வேலையையும் தடுத்து இரைப்பையையும் அரிக்கும் ஐபுபுரூஃபன்தான் அது. நான்காம் நாள் காய்ச்சல் விட்டது. வீட்டில் அனைவரும் நிம்மதியடைந்து, கஞ்சி வைத்துக் கொடுத்து, “அசதியில் படுத்திருக்கிறான், நித்திரையைக் குழப்பாதே” என்று விட்டுவிட்டனர். அவருக்கோ வயிற்றுவலி கூடியது, வாந்தி நிற்கவில்லை, கை கால்கள் குளிர்ந்தன. காய்ச்சல் விட்ட பின்னர் ஒருவருக்கு நோய் கூடுவது இயல்பன்று என்று சொல்லி மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொன்னவர் மனைவி. டெங்கு என்ற சொல்லையே முன்பு அவர் கேட்டிருக்கவில்லை. வீட்டுக்கு வந்து சில வாரங்களே ஆன மருமகளின் பேச்சு எடுபட ஒரு முழு இரவு சென்றது. எனக்குக் கோபம் அந்த இரவின் மேல்தான்.

தயவுசெய்து இதை மனத்தில் இருத்துங்கள். டெங்குவில் காய்ச்சல் விடும் நேரமே ஆபத்தான நேரம். நோய் தொடங்கி மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் வெப்பம் தணியும்போது, குருதிக் குழாய்களிலிருந்து நீர்மம் கசியத் தொடங்கி, ஓரிரு நாள்களுக்குள் குருதி அழுத்தம் சரியக் கூடும். விடாத வயிற்றுவலி, தொடர்ந்த வாந்தி, பல் முரசிலிருந்தோ மூக்கிலிருந்தோ குருதி கசிதல், வாந்தியில் குருதி, கறுத்த மலம், அமைதியின்மை அல்லது இயல்பை மீறிய மயக்க நித்திரை, சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் குடும்ப வைத்தியரின் நேரத்துக்குக் காத்திருக்க வேண்டாம். அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். சிறுதட்டு எண்ணிக்கையை மட்டும் நாளுக்கு மூன்று முறை தொலைபேசியில் கேட்டுக்கொண்டு பப்பாளி இலைச்சாற்றுக்கு அலைகிறவர்கள், நோயாளி எவ்வளவு குடித்தார், எவ்வளவு சிறுநீர் கழித்தார் என்பதைக் குறித்து வைத்தால் எங்களுக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

கரீபியனிலிருந்து வந்து இரண்டு வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால் டைலனோல் மட்டும் எடுங்கள்; ஊரில் பனடோல் என்பதும் அதே மருந்துதான். 500 மில்லிகிராம் மாத்திரையானால் ஒரு நாளில் எட்டுக்கு மேல் ஒருபோதும் வேண்டாம். அட்வில், மோட்ரின், அலீவ், ஆஸ்பிரின் எதுவும் வேண்டாம். டொமினிக்கன் குடியரசுக்கோ ஹெய்ட்டிக்கோ போய்வந்தவரானால் அன்றே மலேரியாவுக்கும் குருதி பார்க்க வேண்டும். 2024இல் கியூபாவிலிருந்து திரும்பிய பயணிகள் பலரிடம், கடிக்கும் சிறு கொசுகுகள் பரப்பும் ஓரோபூச் காய்ச்சல் கண்டறியப்பட்டது. அறிகுறிகளைக் கொண்டு அதையும் டெங்குவையும் வேறுபடுத்துவது கடினம். கணவரிடமிருந்து மனைவிக்குத் தொற்றுமா என்று கேட்கிறார்கள். டெங்கு சேர்ந்து வாழ்வதால் தொற்றுவதில்லை. ஆனால் ஒரே மேசையில் இருந்தவர்களை ஒரே நுளம்பு கடித்திருக்கலாம் என்பதால் இருவரையும் கவனிக்க வேண்டும்.

அதே ஈடிஸ் நுளம்பு பரப்பும் இன்னொரு கிருமியான ஸிகா அப்படியன்று. அது உடலுறவின் மூலமும் தொற்றும். தொற்றியவர்களில் பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் இராது. கருவிலுள்ள குழந்தையின் மூளையை அது பாதிக்கக் கூடும். 2016இல் இருந்த பரபரப்பு இன்றில்லை. கிருமி முற்றாக மறையவும் இல்லை. ஸிகா பரவும் இடத்துக்குப் போய்வந்த ஆண் மூன்று மாதங்களுக்கும், பெண் மட்டும் போயிருந்தால் அவர் இரண்டு மாதங்களுக்கும் கருத்தரிப்பைத் தள்ளிப்போட்டு, அதுவரை ஆணுறை பயன்படுத்த வேண்டும். ஏற்கெனவே கருவுற்றிருக்கும் பெண் புறப்படுவதற்கு முன்பே வைத்தியருடன் பேசவேண்டும். இதை நான் விளக்கும்போது பல நேரங்களில் மாமியாரும் அறைக்குள் இருப்பார். புதுமணத் தம்பதியர் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பர். பெற்றோரே, அந்தப் பத்து நிமிடங்களுக்கு வெளியே இருங்கள். ‘விசேஷம் ஏதும் உண்டா’ என்ற விசாரணையையும் அந்த மூன்று மாதங்களுக்கு ஒத்திவையுங்கள்.

புறப்படுவதற்கு முன் செய்ய வேண்டியவை அதிகமில்லை. நூற்றுக்கு 20 அளவுள்ள இக்காரிடின் அல்லது 20 முதல் 30 வரையுள்ள டீட் கலந்த நுளம்பு விரட்டியைக் கனடாவிலேயே வாங்கிக்கொண்டு போங்கள். விடுதிக் கடையில் இருந்தால் பார்க்கலாம் என்று விட்டுவிடாதீர்கள். முதலில் வெயில் தடுப்புக் களிம்பையும், அது காய்ந்த பின்னர் நுளம்பு விரட்டியையும் பூசுங்கள். கடலிலிருந்து ஏறியதும் மறுபடி பூசுங்கள். நுளம்பை ஓட்டும் கைப்பட்டி, மெழுகுதிரி, தொலைபேசிச் செயலி ஆகியவற்றை நம்பி இருந்துவிடாதீர்கள். “நாங்கள் நுளம்போடு வளர்ந்தவர்கள், எங்களைக் கடித்தாலும் ஒன்றும் செய்யாது” என்ற பெருமையையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். இரவுணவுக்கு மணமகன் நீளக் காற்சட்டையும் காலுறையும் அணிந்தால் படங்களின் அழகு கெடாது. அறைக் கதவைத் திறந்து வைத்துக் கடற்காற்று வாங்க விரும்புகிறவர்கள் முதலில் கம்பிவலை இருக்கிறதா என்று பாருங்கள்.

பயண மருத்துவக் காப்புறுதி இல்லாமல் விமானம் ஏறாதீர்கள். வெளிநாட்டு மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றால் ஒன்ராறியோவின் அரச மருத்துவக் காப்புறுதியான ஓஹிப் உயர்நிலைப் பராமரிப்புக்கும் நாளொன்றுக்கு 400 டொலர் வரையே தரும். வெளிநோயாளராகப் பார்த்தால் 50 டொலர். சுற்றுலாப் பகுதிகளின் தனியார் மருத்துவமனைகள் சேர்ப்பதற்கு முன்பே கடனட்டையைக் கேட்பது வழக்கம். அங்கிருக்கும்போதே காய்ச்சல் தொடங்கினால் அங்கேயே வைத்தியரைப் பாருங்கள். எப்படியாவது வீடு வந்து சேர்ந்துவிடலாம் என்று காய்ச்சல் மாத்திரையைப் போட்டுக்கொண்டு விமானம் ஏறாதீர்கள்.

கடைசியாக, இங்கே மருத்துவமனைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இலங்கையின் மாவட்ட மருத்துவமனைத் தாதி ஒருவர் பார்த்தவுடனே சந்தேகிக்கும் நோயை, ரொறன்ரோவின் அவசரப் பிரிவு வைத்தியர் அரிதாகவே பார்க்கிறார்; நீங்கள் சொல்லாவிட்டால் அவருக்குக் காய்ச்சலும் உடல் நோவும் சளிக்காய்ச்சலாகத் தெரியும். ஆகவே முதலில் உங்களைப் பதிவுசெய்யும் தாதியிடமே, எந்த நாட்டுக்குப் போனீர்கள், எந்தத் திகதியில் திரும்பினீர்கள், காய்ச்சல் எந்தத் திகதியில் தொடங்கியது, எந்தெந்த மாத்திரைகளை எடுத்தீர்கள் என்பவற்றோடு, முன்பு ஒருமுறை டெங்கு வந்திருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். சொல்லியதை எழுதிக்கொள்ளும்படியும் கேளுங்கள்.