ஐன்ஸ்டீன் சமன்பாடு: குண்டுக்காக எழுதப்பட்டதல்ல

ஆற்றல் = நிறை × ஒளிவேகத்தின் வர்க்கம். இதைக் கரும்பலகையில் எழுதியதுமே மாணவர்கள் 'அணுகுண்டு' என்கிறார்கள். அந்த இடத்திலேயே திருத்தாவிட்டால், இது அணுக்கருவுக்கு மட்டுமான விதி என்று மனதில் பதிந்துவிடுகிறது.

இந்த விதியை ஐன்ஸ்டீன் முன்வைத்த கட்டுரை 1905 செப்டம்பர் 27 அன்று இயற்பியல் இதழுக்கு வந்து சேர்ந்தது; மூன்றே பக்கம். அவர் அப்போது சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் காப்புரிமை அலுவலக ஊழியர். ஒரு பொருளின் நிலைமம் அதிலுள்ள ஆற்றலைப் பொறுத்ததா என்ற கேள்விதான் தலைப்பு. நாம் மனப்பாடம் செய்யும் வடிவம் அதில் இல்லை. ஆற்றலை 'எல்', ஒளிவேகத்தை 'வி' என்று குறித்து, கதிர்வீச்சால் 'எல்' ஆற்றலை இழக்கும் பொருளின் நிறை எல்/வி² குறையும் என்று எழுதினார். அவருக்கு முன்பே ஆஸ்திரிய இயற்பியலாளர் ஹாசனோர்ல் இதை நெருங்கியிருந்தார்; ஆனால் அவர் தன் கணக்கைத் திருத்திய பிறகும் ஆற்றலுக்கு ஈடான நிறை 4/3 மடங்கு கூடுதலாகவே வந்தது.

சோதனைக்கு 1932 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கேம்பிரிட்ஜில் காக்கிராஃப்ட், வால்டன் என்ற இயற்பியலாளர்கள் லித்தியத்தின் மீது புரோட்டான்களை, அதாவது ஹைட்ரஜன் அணுக்கருக்களை, மோதவிட்டார்கள். ஒவ்வொரு மோதலிலும் இரண்டு ஆல்பா துகள்கள், அதாவது ஹீலியம் அணுக்கருக்கள், சிதறின. இந்தக் கணக்கை வகுப்பிலேயே போட்டுப் பார்க்கலாம். அணு நிறை அலகில் லித்தியம் 7.0160, ஹைட்ரஜன் 1.0078, கூட்டினால் 8.0238. ஹீலியம் 4.0026, இரண்டுக்கு 8.0052. வித்தியாசம் 0.0186. ஓர் அணு நிறை அலகு 931.5 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலின் அலகு) ஆற்றலுக்குச் சமம்; எனவே அதை 931.5ஆல் பெருக்கினால் 17.3 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட். அவர்கள் அளந்தது 17.2!

மாணவர்கள் சறுக்குவது தசமத்தில். 7+1, 4+4 என்று முழு எண்களில் போட்டால் விடை பூஜ்யம். இரண்டு தசமத்தோடு நிறுத்தினால் வித்தியாசம் 0.03 ஆகி, விடை 28க்குத் தாவிவிடும். நான்கு தசமமாவது வேண்டும். இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும்: இங்கே ஒரு புரோட்டானோ நியூட்ரானோகூட அழியவில்லை. அணுக்கருவுக்குள் அவற்றின் பிணைப்பு இறுகியதால்தான் நிறை குறைந்தது.

அடுப்புக்கரிக்கும் இதே விதிதான். ஒரு கிலோ எரிந்து சுமார் 3 கோடி ஜூல் வெப்பம் வெளியேறினால், கரியும் ஆக்சிஜனும் சேர்ந்த மொத்த நிறையில் ஒரு மைக்ரோகிராமில் மூன்றில் ஒரு பங்கு குறையும். எந்தத் தராசிலும் தெரியாது, அவ்வளவுதான்.

குண்டைச் சாத்தியமாக்கியது யுரேனியப் பிளவும், அதில் வெளிவரும் நியூட்ரான்கள் அடுத்தடுத்த அணுக்கருக்களைப் பிளக்கும் தொடர்வினையும். 1938 டிசம்பரில் இயற்பியலாளர்கள் மைட்னரும் ஃபிரிஷும் ஒரு பிளவுக்குச் சுமார் 200 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் என்று கணக்கிட இந்தச் சமன்பாடு உதவியது. ஹிரோஷிமா குண்டில் இருந்த யுரேனியம் சுமார் 64 கிலோ. ஆற்றலாக வெளியேறிய நிறை ஒரு கிராமைக்கூடத் தொடவில்லை.