மலைக்கிராமத்தில் ஒரு நாள் மருத்துவ முகாம்: சபைக் குழுக்கள் கிளம்பும் முன்

டிசம்பர் பிறந்தால் நகரத்துச் சபைகளிலிருந்து ஜவ்வாது மலை, கல்வராயன் மலைப் பக்கம் ஊழியப் பயணம் போகிறவர்கள் அதிகம். இரண்டு நாள் பயணம், அதில் ஒரு நாள் இலவச மருத்துவ முகாம். பத்து நாளுக்கு பிரஷர் மாத்திரை கொடுத்துவிட்டு வேன் மலை இறங்கிவிடும். பதினோராவது நாள் அந்தப் பாட்டிக்கு மாத்திரை யார் கொடுப்பது? இதற்குப் பதில் கிடைத்த பிறகே முகாமுக்குத் தேதி குறிக்க வேண்டும்.

பதில் ஊரிலேயே இருக்கிறது. கிராம சுகாதார செவிலியரும், 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் களப்பணியாளரும் பிரஷர், சர்க்கரை நோயாளிகளை வீடு தேடிப் போய்ப் பார்க்கிறவர்கள். ஒரு மாதம் முன்பே வட்டார மருத்துவ அலுவலரைச் சந்தித்துக் கடிதம் கொடுங்கள். முகாமன்று இவர்கள் இருவரும் உங்கள் டாக்டர் பக்கத்திலேயே உட்காரட்டும். ஊர்ப் பெரியவர்களிடம் நாள் கேட்பதும் அவசியம். காபி பறிக்கும் பருவத்தில் வேலை செய்யும் வயதினர் பலர் கேரள, கர்நாடகத் தோட்டங்களுக்குப் போயிருப்பார்கள்; முகாமுக்கு முதியவர்களும் குழந்தைகளும்தான் வருவார்கள்.

ஒரு நோயாளிக்கு ஆறு நிமிடமாவது வேண்டும். ஆறு மணி நேரத்தில் ஒரு டாக்டர் 60 பேரைப் பார்க்கலாம். இரண்டு டாக்டர் என்றால் 120 டோக்கன், அதற்கு மேல் வேண்டாம். ‘400 பேர் பயனடைந்தனர்’ என்று அறிக்கை எழுதும் ஆசையை விட்டுவிடுங்கள்.

அதிகம் தவறு நடப்பது பிரஷர் பார்க்கும் இடத்தில்தான். வெயிலில் மேடு ஏறி வந்தவரை மூச்சு வாங்கும்போதே பிடித்து உட்கார வைத்தால் 160 காட்டத்தான் செய்யும். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார வையுங்கள். கால் தரையில், கை நெஞ்சு மட்டத்தில். பேசக் கூடாது. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பாருங்கள். கையில் சுற்றும் பட்டையின் அளவையும் கவனியுங்கள்: ஒல்லியான கைக்குப் பெரிய பட்டையைச் சுற்றினால் பிரஷர் குறைவாகக் காட்டும், பருத்த கைக்குச் சிறிய பட்டை கூடுதலாகக் காட்டும். 140/90-ஐத் தாண்டினால் எண்ணைச் சீட்டில் எழுதி, மறுவாரம் திரும்பப் பார்க்கக் களப்பணியாளரிடம் கொடுங்கள். 180/110-ஐத் தாண்டினால் அன்றே ஆரம்ப சுகாதார நிலையம். அதோடு நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கம் கை கால் தளர்வு இருந்தால் உடனே 108.

அடுத்தது மாத்திரை கொடுக்கும் மேசை. மூன்று வகை வெள்ளை மாத்திரையை ஒரே கவரில் போட்டு ‘காலையில ஒண்ணு, ராத்திரி ரெண்டு’ என்று வாயால் சொல்லி அனுப்பினால், வீட்டுக்குப் போவதற்குள் எது எது என்று குழம்பிவிடும். மாத்திரையை அட்டையிலிருந்து பிரிக்காதீர்கள். ஒரு மருந்துக்கு ஒரு கவர். கவர் மேல் ஸ்கெட்ச் பேனாவால் காலைக்குச் சூரியன், இரவுக்குப் பிறை. எத்தனை மாத்திரையோ அத்தனை கோடு. கொடுத்து முடித்ததும், ‘பாட்டி, இத எப்போ சாப்புடுவீங்க?’ என்று கேட்டு, அவர் திருப்பிச் சொன்ன பிறகே அனுப்புங்கள்.

இரும்புச் சத்து மாத்திரை பத்து கொடுத்துப் பயனில்லை. ரத்தம் ஏற மாதக்கணக்கில் சாப்பிட வேண்டும். அதைச் செவிலியர் வழியாகவே கொடுக்கச் சொல்லுங்கள். டீ, காபியோடு சாப்பிடக் கூடாது, மலம் கறுப்பாகப் போகும் என்பதை முதலிலேயே சொல்லாவிட்டால் பயந்து நிறுத்திவிடுவார்கள். கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 7-க்குக் கீழ் இருந்தால் மாத்திரையோடு விடக் கூடாது, மருத்துவமனைக்கே அனுப்ப வேண்டும்.

குடற்புழு மாத்திரை பள்ளியிலும் அங்கன்வாடியிலும் ஏற்கெனவே தரப்படுகிறது. கடைசியாக எப்போது கொடுத்தார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கொடுப்பதானால் அல்பெண்டசோல் 2 வயதுக்கு மேல் 400 மி.கி., 1 முதல் 2 வயது வரை அதில் பாதி. சின்னப் பிள்ளைக்குப் பொடித்துத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். அழுகிற குழந்தையின் மூக்கைப் பிடித்து ஊற்றினால் புரையேறும். நான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்குச் சளி சிரப் வேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகிறவருக்குத் தேவை காசநோய்க்கான சளிப் பரிசோதனை. அரசு நிலையத்தில் இலவசம்.

வேலூரிலிருந்து மாட்டு வண்டியும் கார்களும் போன காலத்தில் அங்கே சி.எம்.சி. மருத்துவமனையை நிறுவிய டாக்டர் ஐடா ஸ்கடரின் சாலையோர மருத்துவம் வாராவாரம் நடந்தது. மரத்தடியில் காத்திருந்தவர்களுக்கு டாக்டர் மறுபடி வருவார் என்று தெரியும். உங்கள் சபையும் பத்து மலைக்குப் பத்து முறை போவதைவிட, ஒரே ஊருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போகலாம்.

ஜெபம் வேண்டுமென்பவர்களுக்குத் தனியிடத்தில், மருந்து வாங்கிய பிறகு வையுங்கள். டோக்கனுக்கும் ஜெபத்துக்கும் முடிச்சுப் போட்டால் நோயாளிக்கு மறுக்க வழியில்லாமல் போகும். மருந்து வாங்கும் பிள்ளைகளைப் படம் எடுத்துப் போடாதீர்கள்.

ரத்தம் எடுக்கக் குத்திய ஊசிகளைத் துளைக்க முடியாத மூடி போட்ட டப்பாவில் போட்டு, கீழே மருத்துவமனையில் ஒப்படையுங்கள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கொட்டி எரித்தால், மறுநாள் வெறுங்காலோடு விளையாடும் பிள்ளைகள்தான் மிதிப்பார்கள்.

மேல்சிகிச்சைக்கு எழுதிக் கொடுத்தவர் பெரும்பாலும் போகமாட்டார். பஸ் கட்டணம், அன்றைய கூலி, கூட வருபவரின் சாப்பாடு, பெரிய ஆஸ்பத்திரியில் எந்த வரிசை என்று தெரியாத பயம் எல்லாம் தடுக்கும். பேனருக்கும் டி-ஷர்ட்டுக்கும் ஒதுக்கிய பணத்தை இந்தப் போக்குவரத்துக்கு மாற்றுங்கள். மேல்சிகிச்சைப் பெயர்ப் பட்டியல் மூன்று பிரதி வேண்டும்: ஒன்று செவிலியருக்கு, ஒன்று மருத்துவ அலுவலருக்கு, ஒன்று சபையில் ஒரே ஒருவர் பொறுப்பில். அவர் இரண்டாவது வாரம் செவிலியரைக் கூப்பிட்டு, ஒவ்வொரு பெயராகச் சொல்லி, ‘போனாங்களாம்மா?’ என்று கேட்க வேண்டும்.