மரம் நடும் முன் கொழுஞ்சி விதையுங்கள்

சீமைக்கருவேலத்தை எடுத்துவிட்டோம், அடுத்து என்ன நடலாம் என்று கேட்டுத்தான் எங்கள் நாற்றங்காலுக்குப் பலரும் வருகிறார்கள். 2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்ட பிறகு பல ஊர்களில் பொக்லைன் வைத்து அகற்றினார்கள். அகற்றியதோடு விட்டால், மண்ணில் கிடக்கும் விதைகள் அடுத்த மழைக்கே முளைத்து மறுபடி புதராகிவிடும். உடனே மரக்கன்று நடுவதும் பலன் தராது. மேல்மண் அரித்துச் சரளை தெரியும் மேட்டில் கன்று பிழைப்பதே அரிது. பிழைத்ததையும் ஆடு விடாது.

அங்கே முதலில் கொழுஞ்சிதான் வேண்டும். தரிசிலும் சாலையோரத்திலும் தானாக வளரும், ஊதா நிறப் பூப் பூக்கும் நம் நாட்டுச் செடி. சந்தேகமாக இருந்தால் ஒரு சிற்றிலையின் நுனியைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். நரம்புகளின் சாய்விலேயே அம்புமுனை போலக் கிழியும்.

ஆடு மாடு இதை விரும்பி மேயாது. வேலி போட வழியில்லாத மேய்ச்சல் புறம்போக்குக்கு இதைவிடப் பெரிய வசதி எது? வேர் ஆழமாக இறங்குவதால் வறட்சியையும் தாங்கும். ஒன்றரை மாதச் செடியை மண்ணோடு தோண்டி எடுத்து வேரைப் பாருங்கள். சிறு முடிச்சுகள் இருக்கும். ஒன்றை நகத்தால் நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரிய வேண்டும். காற்றிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) அது மண்ணில் சேர்க்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

“விதைத்தேன், முளைக்கவில்லை” என்று வருகிறவர்கள் பெரும்பாலும் விதையை அப்படியே தூவியவர்கள். இதன் தோல் மெழுகு பூசியது போலக் கெட்டியானது, தண்ணீரை உள்ளே விடாது. சொரசொரப்பான மணலோடு சேர்த்து நன்றாகத் தேய்க்க வேண்டும். அல்லது கொதிநீரில் இரண்டு மூன்று நிமிடம் போட்டெடுத்து உடனே குளிர்ந்த நீருக்கு மாற்ற வேண்டும். பசுந்தாள் உரத்துக்கு, அதாவது வளர்த்துப் பச்சையாகவே மண்ணில் மடக்கி உழுவதற்கு, ஏக்கருக்கு 6 முதல் 8 கிலோ விதைப்பார்கள். தரிசை மூடுவதற்கும் அதே அளவு தாராளமாகப் போதும். மழைக்கு முன் லேசாகக் கீறிவிட்டுத் தூவுங்கள். தண்ணீர் தேங்கும் பள்ளத்துக்கு மட்டும் இது ஆகாது.

விதையை நீங்களே சேகரிப்பது நல்லது. காய் பழுப்பேறியதும் காலையிலேயே பறித்துவிடுங்கள். வெயில் ஏறினால் தோடு முறுக்கிக்கொண்டு வெடித்து விதை சிதறிவிடும். காயவைக்கும்போதும் மேலே ஒரு துணி போட்டு மூடுங்கள்.

வேகமாக வளரும் என்று சவுண்டல் (சூபாபுல்) மரத்தைப் பரிந்துரைப்பவர்கள் உண்டு. அது விதை போட்டுப் பரவத் தொடங்கினால், சீமைக்கருவேலத்தோடு பட்ட பாட்டை மறுபடி பட வேண்டியிருக்கும். தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள்.

முதல் ஆண்டு கொழுஞ்சியை உழுதுவிடாமல் காய்க்க விடுங்கள். உதிர்ந்த விதையில் ஒரு பகுதி அடுத்த மழைக்குத் தானே முளைக்கும். இரண்டாம் மழையில் செடிகளுக்கு நடுவே வேம்பு, உசிலை, வெள்வேல் என்று குழி எடுத்து நடலாம். குழியைச் சுற்றியுள்ள கொழுஞ்சியை மட்டும் அறுத்து, அந்தத் தழையையே கன்றின் தூரில் மூடாக்காகப் போடுங்கள்.