அடுத்து வருபவருக்கும் புரியும் சர்வர்

சிராங்கூன் சாலைக் கடை ஒன்றின் பின்னறையில், அரிசி மூட்டைகளுக்கும் அட்டைப் பெட்டிகளுக்கும் நடுவே சர்வர் என்னும் மையக் கணினி ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். சரக்கிருப்பு, சம்பளம், ஜிஎஸ்டி கணக்கு எல்லாம் அதற்குள்தான். ஜிஎஸ்டிக்குப் பதிவுசெய்த நிறுவனங்கள் ஆவணங்களைக் குறைந்தது 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது சிங்கப்பூர் விதி. அந்தக் காலத்துக்குள் சர்வரை அமைத்துக் கொடுத்தவர் வேறு வேலைக்குப் போய்விடலாம். ஹார்ட் டிஸ்க் ஒன்று செயலிழக்கலாம். இரண்டும் ஒன்றாக நேர்ந்தால், புதிதாக வருபவர் எதைப் பிடித்துக்கொண்டு தொடங்குவார்?

பெரும்பாலான சர்வர்களில் டிஸ்குகள் தனித்தனியாக வேலை செய்வதில்லை. மலிவான டிஸ்குகள் பலவற்றைச் சேர்த்து நம்பகமான ஒரே கிடங்காக்கும் ரெய்டு முறையை, பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பேட்டர்சன், கிப்சன், கட்ஸ் ஆகிய மூவரும் 1988இல் விளக்கினார்கள். அதன் ஒரு வகையான ரெய்டு 5இன் கணக்கு அழகானது. முதல் டிஸ்கில் 1011, இரண்டாவதில் 0110 இருப்பதாகக் கொள்வோம். ஒரே இடத்து இலக்கங்கள் வேறுபட்டால் 1, ஒத்திருந்தால் 0 என்று மூன்றாவதில் எழுதினால் 1101 கிடைக்கும். இரண்டாவது டிஸ்க் செத்துவிட்டதா? 1011ஐயும் 1101ஐயும் அதே விதிப்படி ஒப்பிடுங்கள்; தொலைந்த 0110 திரும்பி வந்துவிடும்.

ஆனால் கணக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. எந்த டிஸ்க் முதலாவது, தரவை எத்தனை கிலோபைட் துண்டுகளாக வெட்டியிருக்கிறது, இப்படி ஒப்பிட்டு எழுதிய சரிபார்ப்புத் துண்டு எந்த வரிசையில் டிஸ்க்குக்கு டிஸ்க் சுழல்கிறது என்பதெல்லாம் தெரியாவிட்டால், கையில் இருப்பது வெறும் இலக்கக் குவியல். டிஸ்குகளை ரெய்டாக இணைத்து நிர்வகிக்கும் கார்டுகள் பல, இந்த விவரங்களைத் தம் நிறுவனத்துக்கே உரிய வடிவத்தில் குறித்துவைக்கின்றன. கார்டு எரிந்துபோனால், டிஸ்குகள் நன்றாக இருந்தும், பெரும்பாலும் அதே குடும்பத்துக் கார்டைத் தேடி அலைய வேண்டும். லினக்ஸ் என்னும் இயங்குதளத்தின் சொந்த ரெய்டு அப்படியல்ல. விவரம் ஒவ்வொரு டிஸ்கிலும் இருக்கிறது. எழுதிய வடிவமும் ஊரறிந்தது. டிஸ்குகளைக் கழற்றி வேறொரு லினக்ஸ் கணினியில் மாட்டினாலே அது அடையாளம் கண்டுகொள்ளும்.

சிறு கடைக்கு ரெய்டு 5கூட வேண்டாம் என்பேன். இரண்டு டிஸ்குகளிலும் ஒரே தரவை எழுதும் ரெய்டு 1 போதும். பாதிக் கொள்ளளவு வீணாகிறது, உண்மைதான்; கடை முடங்கிக் கிடக்கும் ஒரு நாளின் நட்டத்தோடு ஒப்பிட்டால் டிஸ்க் விலை பெரிதல்ல. மீட்புப் பணியிலும், எஞ்சிய எல்லா டிஸ்குகளையும் முழுக்கப் படித்துக் கணக்குப் போட வேண்டியதில்லை. ஒன்றைப் படியெடுத்தால் முடிந்தது.

ரெய்டைக் காப்புநகல் என்று நம்புபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தவறுதலாக அழித்த கோப்பு இரண்டு டிஸ்குகளிலிருந்தும் அதே நொடியில் மறைந்துவிடும். கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் பணயத் தீநிரல் (ரான்சம்வேர்) பூட்டினாலும் இரண்டிலும் சேர்த்தே பூட்டும். காப்புநகல் வேறோர் இடத்தில், சர்வரோடு எப்போதும் இணைந்திராமல் இருக்க வேண்டும்.

இயங்குதளத்திலும் புதுமை தேவையில்லை. லினக்ஸின் ஒரு வகையான உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்புகள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வருகின்றன. 5 ஆண்டுகள் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். யாரோ ஒருவர் தன் திறமையைக் காட்டத் தானே திருத்தித் தொகுத்த கெர்னலுக்கு, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதிக்கு, அந்த வசதி கிடையாது.

மாற்று டிஸ்க் வாங்கும்போது ஒரு சிக்கல் வரும். 4 டெராபைட் என்று எழுதியிருந்தாலும் இரு நிறுவனங்களின் டிஸ்குகள் சற்றே வேறுபடலாம். புதியது இம்மியளவு சிறியதாக இருந்தாலும் ரெய்டு அதைச் சேர்த்துக்கொள்ளாது. ஆகவே முதல் நாளே டிஸ்கின் கடைசியில் கொஞ்சம் இடத்தைப் பயன்படுத்தாமல் விட்டுவிடுவார்கள், விவரம் தெரிந்தவர்கள். ஒவ்வொரு டிஸ்கின் தொடர் எண்ணையும் அது மாட்டியிருக்கும் தட்டின் முகப்பில் ஒட்டியும் வைப்பார்கள். பழுதான டிஸ்க் எது என்பதை அந்த எண்ணை வைத்து உறுதிசெய்துகொள்ளலாம். எண் ஒட்டியிராவிட்டால், நல்ல டிஸ்கை உருவிவிட வாய்ப்பு சரிபாதி.